சாய்தளத்தை ட்ரிம் செய்த கமிட்டி

கணினியில் படம் வரைகிற மென்பொருளில் ‘ட்ரிம்’ என்று ஒரு கட்டளை உண்டு. நீண்டுவிட்ட கோட்டை வெட்டிக் குறைப்பது அதன் வேலை. கட்டளையைக் கொடுத்ததும் அது முதலில் கேட்கும்: எந்தக் கோடு கத்தி? அதைத் தொட்டுக் காட்டி என்டரைத் தட்டினால் அடுத்த கேள்வி: எதை வெட்ட வேண்டும்? வெட்ட வேண்டிய கோட்டில் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்தைத் தொட வேண்டும். தொட்டது போய்விடும். இருக்க வேண்டிய பக்கத்தைத் தொட்டுவிட்டு, “ஐயோ, வேண்டியது போயிடுச்சே” என்று அலறியவர்களை உத்தியோகத்தின் கடைசிக் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் எனக்கு மேலதிகாரிகள்.

ஏன் வெட்டுகிறாய் என்று மட்டும் அந்தக் கட்டளை கேட்காது. புதிய பதிப்புகளில் கத்தி எது என்ற கேள்வியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது திரையில் இருக்கிற எல்லாக் கோடுகளும் கத்திதான். காலத்துக்கேற்ற முன்னேற்றம். நான் என் பழைய மடிக்கணினியில் பழைய பதிப்பையே வைத்துக்கொண்டிருக்கிறேன். வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறையாவது யாராவது கேள்வி கேட்கட்டும் என்பதுதான் காரணம்.

நாங்கள் இருப்பது மராட்டிய மண்ணில், கட்கியில், ஆற்றுக்குச் சற்று மேலே உள்ள ஒரு சொசைட்டி. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்பதால் கட்டியவர் தரைத்தளத்தையே நான்கு படி உயரத்தில் தூக்கி வைத்துவிட்டார். குடியிருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் என்னைப்போல அரசாங்க வரைபட அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வெளியே இருந்து பார்த்தால் இது ஒரு குடியிருப்பு. உள்ளே வந்தால், ஒரு குழாய் ஒழுகினாலும் அதற்கு மூன்று பேர் மூன்று கோணத்தில் படம் போடுவார்கள். குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

என் மனைவி வங்கியில் வேலை பார்த்தவள். வேலைக் காலம் முழுக்கத் தினமும் லோக்கல் ரயில் பிடித்து சிவாஜிநகர் போய் வந்தாள். ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் உட்கார்ந்தவளில்லை. வீட்டில் உட்காரும் வேலையை என்னிடம் முழுவதுமாக ஒப்படைத்திருந்தாள். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. சக்கரம் வைத்த வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளும் வெளியே லாபியிலும் நன்றாகவே நடந்தாள். லாபி முடிகிற இடத்தில் அந்த நான்கு படிகள் இருந்தன. அதோடு உலகம் முடிந்தது.

மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வாட்ச்மேனும் அந்த நேரத்தில் அகப்பட்ட இன்னொருவரும் தூக்கி இறக்குவார்கள். மாடி பால்கனிகளிலிருந்து “சம்பால் கே, சம்பால் கே”, பார்த்து, பார்த்து என்று ஆலோசனை வரும்.

“கணபதி விசர்ஜனத்துக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்குங்க. டோல் மேளம் ஒண்ணுதான் குறைச்சல்” என்றாள் முதல்முறை.

இரண்டாம் முறைக்குப் பிறகு நகைச்சுவை நின்றுவிட்டது. “ஆஸ்பத்திரியைத் தவிர வேற எங்கயும் என்னைத் தூக்க வேண்டாம். நானா இறங்கினா இறங்கறேன், இல்லைன்னா இங்கயே இருக்கேன்” என்றாள். அதன் பிறகு பக்கத்து வீட்டுக் கல்யாண வரவேற்புக்குக்கூட வரவில்லை. எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர் அவளை விசாரிக்கும்போதெல்லாம் நான் என்ன பதில் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

எனக்குத் தெரிந்த மருந்து படம் வரைவது. வரைந்தேன். ஒரு அடி ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி ஓட வேண்டும் என்பது சாய்தளத்தின் கணக்கு. நான்கு படி என்பது இரண்டு அடி உயரம். ஆக இருபத்துநான்கு அடி நீளச் சாய்தளம், முன்சுவரை ஒட்டி, கேட்டை நோக்கி. தாளின் மேல்பாதியில் பிளான், அதாவது வானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற படம். கீழ்ப்பாதியில் செக்‌ஷன், அதாவது பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் தெரிகிற சரிவு. ஓரத்தில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கட்டங்கள். முறைப்படி சொசைட்டி கமிட்டிக்கு மனுக் கொடுத்தேன். கமிட்டியும் முறைப்படி ‘கொள்கை அளவில்’ ஒப்புக்கொண்டது. ஒரு பொருளை எங்கே புதைப்பது என்று தெரியாதபோது அரசாங்கம் கண்டுபிடித்த இடம்தான் கொள்கை அளவு.

ஞாயிற்றுக்கிழமை காலை, சேர்மன் வீட்டில் கூட்டம். சேர்மன் தமிழர். கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியம் தமிழிலேயே முடிந்ததாக வரலாறு இல்லை. உத்தியோகத்தில் ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவர். செக்ரட்டரி மராட்டியர், சொசைட்டி முற்றத்தில் அவர் காருக்கு மட்டும் நிரந்தர இடம். தெற்கேயிருந்து வந்த ஆண்கள் எல்லோருக்கும் இந்த ஊரில் ஒரே பெயர் என்பதால் என்னை ‘அண்ணா’ என்பார். டிரஷரர் என்று ஒருவர் உண்டு. வருடம் முழுவதும் வாய் திறக்க மாட்டார். கணபதி பந்தல் பேச்சு வந்தால் மட்டும் திறப்பார்.

என் மடிக்கணினியை டிவியோடு இணைத்தார்கள். சாய்தளம் சுவரகலத்துக்கு விரிந்தது. மவுஸ் என் கையில். அந்த அறையில் கணினியில் வரையத் தெரிந்தவன் நான் மட்டும். வரையச் சொல்லத் தெரிந்தவர்கள் மீதி எல்லோரும்.

“அண்ணா, பிரமாதம்” என்று இந்தியில் தொடங்கினார் செக்ரட்டரி. “நுனி மட்டும் என் வண்டி மூக்கில் இடிக்கிறது. தோடா ஸா காட் தோ நா.”

கொஞ்சம் வெட்டினால் போதுமாம். காரின் கோட்டைக் கத்தியாகத் தொட்டேன், சாய்தளத்தின் நுனியைத் தொட்டேன். நான்கு அடி போயிற்று.

டிரஷரர் வாய் திறந்தார். பந்தல் கம்பு நடுகிற இடம் அது. பத்து நாள் விழாவுக்கு வருடம் முழுவதும் காலியாக வைத்திருக்க வேண்டிய புண்ணிய பூமி. பந்தலின் கோட்டைக் கத்தியாக்கினேன். மூன்று அடி.

“அண்ணே,” என்றார் சேர்மன், “கர்மில டேங்கர் வருது இல்லே, பைப்பு எங்க போடுவான், போலோ? அந்த டாங்க் மூடிகிட்ட கொஞ்சம் விட்டுட்டீங்கன்னா பஸ், காம் கதம்.”

கோடையில் வருகிற தண்ணீர் லாரிக்காக இன்னொரு மூன்று அடி.

“சரிவு ஏறிடுமே” என்றேன்.

“அட்ஜஸ்ட் ஆயிடும்ணே. பத்து அடிதானே?”

சாய்தளத்தை யாரும் எதிர்க்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எல்லோரும் ஆதரித்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு ஆதரித்தார்கள். இருபத்துநான்கு அடி பதினான்கு ஆனது. பிளானில் அது இன்னும் அழகான செவ்வகமாகத்தான் இருந்தது. வானத்திலிருந்து பார்த்தால் எந்தச் சரிவும் செங்குத்தாகத் தெரியாது. அதனால்தான் கடவுள்களும் கமிட்டிகளும் அங்கிருந்தே பார்க்கிறார்கள்.

இந்த மென்பொருளில் பிளானும் செக்‌ஷனும் ஒரே தாளில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. மேலே வெட்டினால் கீழே தானாக மாறாது. கீழ்ப்பாதியில் பழைய இருபத்துநான்கு அடிச் சரிவு சாதுவாகப் படுத்திருந்தது. சரிபார்த்தே ஓய்வு பெற்றவர் உட்பட ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரு படத்தை மாற்றினால் எல்லாப் படங்களையும் மாற்ற வேண்டும் என்பது விதி. மேலிருந்து கோடு இறக்கி, செக்‌ஷனையும் பதினான்கு அடிக்குக் குறுக்கினேன். கோடு நிமிர்ந்து நின்றது.

எல்லோரும் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

“இது கொஞ்சம்... ஜாஸ்தி தூக்கலா தெரியுதேண்ணே. டிவில ஏதாச்சும் கோளாறா?” என்றார் சேர்மன்.

செக்ரட்டரி ஒரு வழி கண்டுபிடித்தார். “அண்ணா, கீழே இருந்த பழைய படம் நன்றாக இருந்ததே. அதையே விட்டுவிடுங்கள். மேலே புதியது, கீழே பழையது. யார் பார்க்கப்போகிறார்கள்?”

கட்டப்போகிற கொத்தனார் பார்ப்பார், கட்டிய பிறகு என் மனைவி பார்ப்பாள் என்று சொன்னேன். அதற்கும் அட்ஜஸ்ட் என்றே பதில் வந்தது. அடுத்த ஞாயிறு கையெழுத்து என்று முடிவாகிக் கூட்டம் கலைந்தது. நான் பதினான்கு அடிப் படத்தை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். வங்கியில் செக்கைப் பார்ப்பதுபோல முதலில் கையெழுத்துக் கட்டங்களைப் பார்த்தாள், பிறகுதான் படத்தை.

“இதுல நான் இறங்கணுமா, சறுக்கணுமா?”

“கமிட்டி முடிவு.”

“கமிட்டி சொல்லிச்சு. மவுஸ் யார் கையில இருந்துச்சு?”

“வரையறவன் வரையணும். முடிவு எடுக்கறது அவங்க. முறை அதுதான்.”

“ஓஹோ. ஒருத்தர் காருக்கு, ஒருத்தர் பந்தலுக்கு, ஒருத்தர் பைப்புக்கு. நான் என்ன பென்சிலா, ஆளாளுக்குச் சீவ?” படத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். “உங்க முறையில எனக்கு ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிய தூக்கிப் போட்டுடாதீங்க.”

சொல்லிவிட்டு வாக்கரைத் தள்ளிக்கொண்டு லாபிக் கோடி வரை போனாள். முதல் படிக்கு முன்னால் நின்று முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செக்ரட்டரியின் கார் அங்கே வெயிலில் சௌகரியமாக இருந்தது. காருக்குப் பின்னால் அவருடைய பழைய வாஷிங் மெஷின் ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு கட்டில் சட்டம், அதற்குப் பின்னால்தான் மதில்.

முறையில் அவளுக்கு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தேன். இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் வெளியிட்ட படத்தில் ஒரு கோட்டை அசைத்தாலும் தாளின் மூலையில் திருத்தக் கட்டம் போட வேண்டும். என்ன திருத்தம், காரணம் என்ன, கேட்டவர் யார், அவருடைய இனிஷியல். அரசாங்க ஊழியனுக்கு மழை, வெயில், இடமாற்றம் எதற்கும் பயமில்லை. காரணம் என்ற கட்டத்துக்கு நேராகத் தன் இனிஷியலைப் போடுவது ஒன்றுக்குத்தான் பயம். வாய்மொழியாக ஆனையைக்கூட வெட்டச் சொல்வான். எழுத்தில் எறும்பைக்கூடத் தொட மாட்டான். கட்டம் நிரம்பாத திருத்தம் செல்லாது. பழைய படமே அமலில் இருக்கும். இது நான் கண்டுபிடித்த விதியல்ல. கமிட்டியில் இருக்கிற எல்லோரும் இதன் கீழ் வாழ்ந்து பென்ஷன் வாங்குகிறவர்கள்.

அந்த வாரம் திருத்தக் கட்டம் வரைந்தேன். மிக நேர்த்தியாக வரைந்தேன். எழுத்து அளவுகூட அலுவலக அளவு. முதல் வரி: நீளம் நான்கு அடி குறைப்பு; காரணம், செக்ரட்டரியின் கார் நிறுத்த வசதி. இரண்டாவது: மூன்று அடி குறைப்பு, காரணம், வருடத்தில் பத்து நாள் பந்தல் கம்பு. மூன்றாவது: மூன்று அடி குறைப்பு, காரணம், டேங்கர் குழாய். செக்ரட்டரி சொன்ன வழியை நான்காவது வரியாக நானே சேர்த்தேன். செக்‌ஷன் திருத்தப்படவில்லை, காரணம், யார் பார்க்கப்போகிறார்கள்.

அடுத்த ஞாயிறு என்னோடு அவளும் வந்தாள். சேர்மன் வீடு அதே லாபியில்தான், படி இல்லை. வாக்கர் உள்ளே நுழைந்ததும் ஆண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். “வாங்க அண்ணி, வாங்க, பைட்டியே” என்றார் சேர்மன். “யா வைனி” என்று அதையே மராட்டியில் சொல்லிச் செக்ரட்டரி தன் நாற்காலியையே காலி செய்து கொடுத்தார். காரைத் தவிர எதையும் கொடுக்கத் தயாரான மனிதர்.

தாளை மேஜைமேல் விரித்துப் பேனாவைத் திறந்து வைத்தேன்.

“ஒப்புதல் கட்டத்தில் கடைசியாகக் கையெழுத்து. அதற்கு முன்னால் அவரவர் திருத்தத்துக்கு நேராக அவரவர் இனிஷியல். வழக்கமான முறைதான்.”

செக்ரட்டரி கட்டத்தைப் படித்தார். பேனாவை எடுத்தார். மறுபடி படித்தார். பேனாவை டிரஷரரிடம் கொடுத்தார். டிரஷரர் அதைச் சூடான பாத்திரம்போல வாங்கிச் சேர்மனிடம் கொடுத்தார்.

“அண்ணே, இதெல்லாம் ஏன் இங்க? மத்லப், நாம ஆபீஸ்ல இல்லையே.”

“படம் படம்தானே. நாளைக்கு யாராவது விழுந்தால் யார் குறைத்தது என்று கேட்பார்கள். என் பெயர் ‘வரைந்தவர்’ கட்டத்தில் இருக்கிறது. மற்றவர்களுக்கும் உரிய இடம் கொடுக்க வேண்டாமா?”

“காரணத்தை மட்டும் கொஞ்சம் மாத்திப் போடுவோமா? ‘டெக்னிகல்’னு?”

“எந்த டெக்னிகல்? அதையும் எழுதணும்.”

செக்ரட்டரி குரலை உயர்த்தினார். நான் வார்த்தைக்கு வார்த்தை சொசைட்டியை அலுவலகமாக்குகிறேன் என்றார். இத்தனை வருடப் பழக்கத்தில் ஒரு கையெழுத்துக்கு நம்பிக்கை இல்லையா என்றார். மனைவி மேஜைப் பக்கம் சாய்ந்தாள். இப்போது அவருடைய இந்தியிலேயே, வங்கிக் கவுண்டர் குரலில் கேட்டாள்:

“பாவ்ஜி, நம்பிக்கை நிறைய இருக்கு. அதான் கையெழுத்து கேக்கறோம். உங்க வண்டி எனக்கு முன்னாடி போகணும்னா போகட்டும். அதை எழுதிக் குடுத்துட்டா நான் ஃப்ரேம் போட்டு மாட்டிக்கறேன். வீட்ல சும்மாதானே இருக்கேன்.”

டிரஷரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டார். செக்ரட்டரி அவரை முறைத்தார். சேர்மன் பேனாவின் மூடியைத் தேடி மூடினார். அது அவருடைய உத்தியோக வாழ்க்கையிலேயே மிக முக்கியமான சரிபார்ப்பு.

“அண்ணே, புராணாவே ரக்கோ. பழைய படமே இருக்கட்டும்.”

“அப்போ கார்?” என்றார் செக்ரட்டரி.

நான் மடிக்கணினியை டிவியோடு இணைத்தேன். இருபத்துநான்கு அடிப் படத்தைத் திறந்தேன். ட்ரிம். கத்தி எது என்று கேட்டது. சாய்தளத்தைத் தொட்டேன். என்டர். எதை வெட்ட வேண்டும் என்று கேட்டது. கார் நிறுத்துமிடத்தின் மூக்கைத் தொட்டேன். போயிற்று.

“அரே அண்ணா!” என்று பதறினார், திரையில் அவர் வண்டியே நசுங்கியதுபோல.

“தோடா ஸா” என்றேன். “பின்னால் வாஷிங் மெஷின் இருக்கிற இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். அந்த மெஷின் ஓடுகிறதா?”

ஓடவில்லை. பழுது பார்க்க யோசனை இருக்கிறதாம். கொள்கை அளவில்.

பந்தல் கம்பு எதிர்ச் சுவருக்குப் போயிற்று. கணபதிக்கு அதில் ஆட்சேபணை இருந்ததாகத் தகவல் இல்லை. டேங்கர் வரும்போது குழாயைச் சாய்தளத்தின்மேல் போட்டு, நிரம்பியதும் எடுத்துவிடலாம் என்ற மாபெரும் பொறியியல் தீர்வைச் சேர்மனே சொன்னார். சொன்னதற்காகப் பாராட்டும் பெற்றார். மூன்று கையெழுத்தும் அன்றே விழுந்தன. திருத்தக் கட்டம் காலியாக இருந்தது. என் வாழ்நாளில் நான் வரைந்த கட்டங்களில் மிகவும் பயன்பட்டது அதுதான்.

மழை தொடங்குவதற்குள் சாய்தளம் முடிந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி. முதலில் பயன்படுத்தியது செக்ரட்டரி. வாஷிங் மெஷினை லாபிக்குள் தள்ளிக்கொண்டு போவதற்கு. எவ்வளவு சுலபமாக ஏறுகிறது என்று வருவோர் போவோரிடம் வியந்தார். ஆரம்பத்திலிருந்தே தன் யோசனைதான் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. வருடாந்தரக் கூட்டம் வரை பொறுக்கிறார் என்று நினைக்கிறேன்.

சிமென்ட் நன்றாக இறுகட்டும், முதல்நாள் நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வருகிறேன், இறங்குகிற முறை என்று ஒன்று இருக்கிறது என்றெல்லாம் மனைவியிடம் விளக்கியிருந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தால் வீட்டில் வாக்கர் இல்லை, அவளும் இல்லை. லாபிக்கு ஓடினேன். கீழே சேர்மன் பேப்பர் படித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணி இப்பதான் ரிக்‌ஷால போனாங்களே. வாக்கர நான்தான் மடிச்சு வெச்சேன். உங்களுக்கு மாலும் இல்லியா?”

மாலும் இல்லை, தெரியாது. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் கூப்பிட்டபோது அது சமையலறையில் மணி அடித்தது. கேட்டுக்கும் லாபிக்கும் நடந்தேன். சாய்தளத்தின் நீளத்தைக் காலால் அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. சரியாக இல்லாமல் இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும், செய்வதற்கு ஏதாவது கிடைத்திருக்கும். எதிர்க்கடைக்காரர் என்னைப் பார்த்து, “வந்தாங்களே, நலம் விசாரிச்சாங்களே, பேசிட்டுத்தான் போனாங்க” என்று இந்தியில் சொல்லிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

வெயில் ஏறிய பிறகு ரிக்‌ஷா வந்து நின்றது. ஓட்டுநர் வாக்கரை விரித்துக் கொடுத்தார். கைப்பிடியில் தொங்கிய பையிலிருந்து கொத்தமல்லி எட்டிப் பார்த்தது.

“எங்க போயிருந்தே?”

“பஜாருக்கு.”

“எதுக்கு? கொத்தமல்லி வீட்லயே இருக்கே.”

அவள் சாய்தளத்தில் வாக்கரை ஏற்றிப் பாதி தூரம் வந்து மூச்சு வாங்க நின்றாள்.

“ஏங்க, காரணம் எழுதி இனிஷியல் போடணுமா?”

பிடிப்பதற்குக் கையை நீட்டினேன். “தள்ளி வாங்க” என்றாள். தள்ளி நடந்தேன்.